மரத்துக்கு மோட்டார் எங்கே இருக்கிறது?

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். "மரத்துக்குள் தண்ணீர் ஏறுகிற குழாய்கள் எல்லாம் செத்துப்போன செல்கள்தான்" என்று. அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள், கால்வாசிப் பேர் திட்டியிருக்கிறார்கள், மிச்சப் பேர் தங்கள் தொட்டிச் செடியின் உடல்நிலையை டாக்டரிடம் சொல்வதுபோல வரிவரியாக எழுதி மருந்து கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிடுகிறேன்.

கேள்வி: செத்த செல் எப்படி ஐயா வேலை செய்யும்? உயிரில்லாத ஒன்று உயிருள்ள செடிக்குத் தண்ணீர் கொடுக்கிறது என்பது நம்பும்படியாக இல்லையே? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு உயிர் இருக்கிறதா ஐயா? இருந்தால்தான் தொல்லை. உள்ளே உட்கரு, சைட்டோபிளாசம் என்று கூழாக அடைத்துக்கொண்டிருந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? தண்ணீர்க் குழாயாக மாறப்போகிற செல்லுக்குச் சைலம் செல் என்று பெயர், அது பிறக்கும்போது உயிரோடுதான் பிறக்கிறது. நீளமாக வளர்கிறது, தன் சுவரின் உட்பக்கம் லிக்னின் என்ற கெட்டிப் பொருளை வளையம் வளையமாக, சுருள் சுருளாகப் பூசிக்கொள்கிறது, அந்த வேலை முடிந்த கையோடு தன்னைத்தானே கரைத்துக்கொண்டு செத்துப்போகிறது. மிஞ்சுவது காலி உறை. மேலேயும் கீழேயும் இருக்கிற செல்களுக்கு நடுவிலுள்ள தடுப்பும் கரைந்துவிட்டால் அடுக்கி வைத்த உறைகள் எல்லாம் சேர்ந்து ஒரே குழாய். அகலம் தலைமுடி அளவு, பல செடிகளில் அதைவிடவும் குறைவு. ஊசியிலை மரங்களில் இந்த நீளக் குழாய்கூடக் கிடையாது, சில மில்லிமீட்டர் நீளமுள்ள மூடிய செல்கள் பக்கச் சுவரிலுள்ள குழிகள் வழியாக ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரைக் கைமாற்றிக்கொண்டே போகின்றன.

உயிர் தேவையே இல்லை என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது, கொஞ்சம் கொடூரமானது. 1890-களின் தொடக்கத்தில் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் என்ற ஜெர்மன் நாட்டுப் பேராசிரியர், 20 மீட்டருக்கு மேல் உயரமான ஓர் ஓக் மரத்தை அடியோடு அறுத்து, அப்படியே பிக்ரிக் அமிலத்தில் நிறுத்தினார். அமிலம் மரத்துக்குள் ஏறியது, ஏறிய வழியில் இருந்த உயிர்ச் செல்களையெல்லாம் கொன்றது. அப்புறம் சாயம் கலந்த திரவத்தை வைத்தார், அதுவும் ஏறியது. செத்த தண்டுக்குள் தாராளமாக ஏறிக்கொண்டிருந்த திரவம், உச்சியில் இலைகள் செத்த பிறகுதான் நின்றது. அடுத்த கேள்விக்கான பதில் இந்தச் சோதனைக்குள்ளேயே இருக்கிறது, கவனித்தீர்களா?

கேள்வி: அப்படியானால் தண்ணீரை மேலே தள்ளுவது யார்? வேரில் பம்ப் மாதிரி ஏதாவது உண்டா? (இதையே பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள்)

பதில்: யாரும் தள்ளுவதில்லை. மேலேயிருந்து இழுக்கிறார்கள்.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். கலிஃபோர்னியாவில் ஹைபீரியன் என்று பெயர் வைத்த ரெட்வுட் மரம் ஒன்று இருக்கிறது. 2006-இல் கண்டுபிடித்தார்கள், உயரம் ஏறக்குறைய 116 மீட்டர், அதாவது முப்பத்தைந்து மாடிக் கட்டடம். அதன் உச்சாணி இலைக்கும் தண்ணீர் போய்ச் சேருகிறது. நாம் ஒரு நீளக் குழாயை நிறுத்தி மேலிருந்து காற்றை முழுவதுமாக உறிஞ்சி எடுத்தாலும் தண்ணீர் 10 மீட்டர் சொச்சத்துக்கு மேல் ஏறாது, ஏனென்றால் அங்கே வேலை செய்வது நம் உறிஞ்சல் அல்ல, வெளிக்காற்றின் அழுத்தம், அதன் சக்தி அவ்வளவுதான். நுண்குழாய் ஏற்றம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அது. அந்தக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம்: ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு விட்டமுள்ள குழாயில் தண்ணீர் 60 சென்டிமீட்டர்தான் ஏறும். துளசிச் செடிக்குப் போதும், மரத்துக்கு என்ன செய்வது?

வேர் தள்ளுகிறது என்பது முழுப் பொய் இல்லை. வேர் அழுத்தம் என்று ஒன்று உண்டு, அதைப் பற்றித் தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார், கீழே வருகிறது. ஆனால் அது பெரும்பாலும் ஒன்றிரண்டு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் போவதில்லை, பகலில் தண்ணீர் வேகமாக ஓடும்போது காணாமலே போய்விடும், ஊசியிலை மரங்களில் அநேகமாகக் கிடையாது. வேலை அதிகமாக இருக்கிற நேரத்தில் லீவு போடுகிற ஆளை நம்பி 116 மீட்டர் மரம் நிற்க முடியுமா?

ஜகதீஷ் சந்திர போஸ் கூட இந்தப் புதிருக்குள் இறங்கினார். தண்டின் புறணியில் உள்ளடுக்குச் செல்கள் இதயம்போலத் துடித்துத் துடித்துச் சாற்றை மேலே ஏற்றுகின்றன என்று 1923-இல் எழுதினார். அழகான கற்பனை, எனக்கே அது உண்மையாக இருந்திருக்கலாமே என்று ஆசை. ஆனால் வழியில் இருக்கிற உயிர்ச் செல்களைக் கொன்ற பிறகும் மரத்தில் தண்ணீர் ஏறியதே! அந்தச் சோதனைக்கு முன்னால் துடிப்புக் கொள்கை நிற்கவில்லை.

விடை 1894-இலேயே வந்துவிட்டது. டப்ளினில் ஹென்றி டிக்சன், ஜான் ஜாலி என்ற இரண்டு பேர் சொன்னார்கள், தண்ணீரைக் கயிறாக நினைத்துப் பாருங்கள் என்று. ஒரு நீர் மூலக்கூறு பக்கத்து மூலக்கூறை விடாமல் பிடித்துக்கொள்ளும் குணம் உடையது. மெல்லிய குழாய்க்குள் காற்றுக் குமிழி இல்லாமல் நிரம்பியிருக்கும்போது அந்தப் பிடி எவ்வளவு உறுதி என்றால், ஆய்வகத்தில் சுத்தமான தண்ணீரை 200 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இழுத்தும் அறுபடாமல் நின்றிருக்கிறது. இலைக்குள் ஈரமான செல் சுவர்கள் இருக்கின்றன. அந்தச் சுவர் நார்களுக்கு நடுவே நானோமீட்டர் கணக்கில் இடைவெளிகள். அங்கிருந்து ஒரு மூலக்கூறு ஆவியாகி இலைத்துளை வழியாக வெளியே போகும்போது, மிச்சத் தண்ணீர் அந்த இடைவெளிக்குள் உள்வாங்கிக் குழிகிறது, குழிந்த பரப்பு நிமிரப் பார்க்கிறது, அந்த இழுப்பு இலை நரம்பு, காம்பு, கிளை, அடிமரம், வேர் என்று கயிற்றின் அடிநுனி வரைக்கும் போகிறது. அங்கே மண்ணிலிருந்து ஒரு மூலக்கூறு உள்ளே வருகிறது. செலவு யாருடையது? வெயிலுடையது. தண்ணீரை மேலே ஏற்றுவதற்கு என்று மரம் தன் கையிலிருந்து ஏறக்குறைய எதையும் செலவழிப்பதில்லை.

முன்னே சொன்ன 10 மீட்டர் தடை இங்கே ஏன் செல்லாது என்றால், இது காற்றழுத்தம் தூக்கிவிடுகிற தண்ணீர் இல்லை, விறைப்பாக இழுபட்டு நிற்கிற தண்ணீர். இயற்பியலில் எதிர் அழுத்தம் என்பார்கள். 100 மீட்டர் தூக்க 10 வளிமண்டல அளவு இழுப்பு, குழாய்ச் சுவரின் உராய்வுக்கு ஏறக்குறைய இன்னொரு 10, ஆக 20 வளிமண்டலம். கார் டயரில் இருக்கிற அழுத்தத்தைப் போல எட்டு ஒன்பது மடங்கு, ஆனால் எதிர்த்திசையில். லிக்னின் வளையம் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும், அது இல்லையென்றால் ஸ்ட்ராவை வேகமாக உறிஞ்சினால் நசுங்குகிறதே, அப்படிக் குழாய் ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் அளந்து பார்த்தார்களா என்று ஒருவர் நக்கலாகக் கேட்டிருந்தார். பார்த்தார்கள். 1965-இல் பெர் ஸ்காலண்டர் குழுவினர், வெட்டிய கிளையை ஓர் அழுத்தக் கலத்துக்குள் வைத்து, வெட்டு முனையில் சாறு எட்டிப்பார்க்கும் வரைக்கும் வாயு அழுத்தம் கொடுத்து, உள்ளே எவ்வளவு இழுப்பு இருந்தது என்று கணக்கிட்டார்கள். உயர மரங்களின் உச்சிக் கிளை எப்படிக் கிடைத்தது? துப்பாக்கியால் சுட்டு விழவைத்தார்கள். தாவரவியலில் குறிபார்த்துச் சுடுகிறவருக்கும் வேலை உண்டு. அப்புறம் 2008-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெல்லில் நுண்ணிய குழாய்கள் அமைத்து, ஒரு பக்கம் 'வேர்', ஒரு பக்கம் 'இலை' என்று செயற்கை மரமே செய்துவிட்டார்கள். உயிர் ஒரு துளி இல்லை, ஆனாலும் தண்ணீர் எதிர் அழுத்தத்தில் ஓடியது.

இந்த இழுப்பால் பகலில் மரத்தின் தண்டு ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு மெலிகிறது, இரவில் பழையபடி பருக்கிறது. நுண்ணிய அளவைக் கருவியை அடிமரத்தில் கட்டி வைத்தால் தினமும் பார்க்கலாம். தள்ளுகிற குழாயாக இருந்தால் பகலில் உப்ப வேண்டும் இல்லையா?

கேள்வி: கயிறு அறுந்தால்? (ஒரே வரிக் கடிதம், பெயர் இல்லை)

பதில்: அறுகிறது. வறட்சியில் இழுப்பு அளவுக்கு மீறிப் போகும்போது பக்கத்திலிருக்கிற காற்று, சுவர்க் குழி வழியாகக் குழாய்க்குள் பொத்துக்கொண்டு வந்துவிடும். ஒரு நொடிக்குள் அந்தக் குழாய் முழுக்கக் காற்று, கயிறு பட்டென்று அறுந்துவிடுகிறது. அந்தப் 'பட்' உண்மையிலேயே சத்தம், நம் காதுக்கு எட்டாத மீயொலியாகவும் வரும். 2023-இல் இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தண்ணீர் இல்லாமல் காய்கிற தக்காளி, புகையிலைச் செடிகள் மணிக்கு முப்பது ஐம்பது முறை இப்படிச் சொடுக்குகின்றன என்று பதிவு செய்தார்கள். செய்தித்தாள்கள் உடனே "செடி அழுகிறது" என்று தலைப்புப் போட்டன. அழவில்லை. இந்தச் சொடுக்குக்கு மிகப் பொருத்தமான விளக்கம் குழாய்க்குள் குமிழி வெடிப்பதுதான்.

ஒரு குழாய் போனால் மரம் போய்விடாது. தண்ணீர் பக்கத்துக் குழாய்க்குச் சுற்றிக்கொண்டு போகும், குழிகளில் இருக்கிற மெல்லிய சவ்வு காற்றைப் பரவாமல் தடுக்கும். ஊசியிலை மரங்களில் அந்தச் சவ்வின் நடுவில் மூடி மாதிரி ஒரு தடிப்பு, காற்று வந்தால் ஓட்டையை அடைத்துக்கொள்ளும், எனக்கு மிகப் பிடித்த அமைப்பு அது.

பூச்சாடியில் வைத்த பூ இரண்டே நாளில் தலை தொங்குகிறது என்று எழுதியிருந்த சகோதரிக்கும் இங்கேயே பதில்: காம்பை வெட்டிய நொடியில் இழுபட்டு நின்ற தண்ணீர் சர்ரென்று உள்ளே போகிறது, பின்னாலேயே காற்று புகுந்து அடைத்துக்கொள்கிறது. காம்பைத் தண்ணீருக்குள் வைத்தபடியே அடியில் ஓர் அங்குலம் மறுபடி வெட்டுங்கள், சாடித் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லையென்றால் பாக்டீரியா வந்து மிச்சக் குழாயையும் அடைக்கும்.

கேள்வி: காலையில் புல் நுனியில், சில இலைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளிகள் நிற்கின்றன. பனித்துளிதானே? (ஆறாம் வகுப்பு மாணவி)

பதில்: பனித்துளி என்றால் இலை முழுக்கப் பரவியிருக்கும் பாப்பா. நுனியிலும் ஓரத்திலும் மட்டும் மணி கோத்த மாதிரி நின்றால் அது செடிக்குள்ளிருந்து வந்த தண்ணீர். நான் மேலே சொன்ன வேர் அழுத்தம் இதுதான். இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், வேர் மட்டும் உப்புச் சத்துகளை உள்ளே இறைத்துக்கொண்டிருக்கும், உப்பைத் தொடர்ந்து தண்ணீரும் வரும், உள்ளே நெருக்கடி கூடினதும் இலை ஓரத்தில் அதற்கென்றே இருக்கிற துளைகள் வழியாகக் கசிந்துவிடும். நீர்வடிதல் என்று உன் பாடப்புத்தகத்தில் பிறகு வரும். அந்தத் துளி காய்ந்த பிறகு பார், சில நேரம் வெள்ளைப் புள்ளி இருக்கும், தண்ணீரோடு வந்த உப்பு.

கேள்வி: தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், தொட்டி எப்போதும் ஈரமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் செடி வாடிப்போய் நிற்கிறது. இன்னும் ஊற்றலாமா?

பதில்: தயவு செய்து வேண்டாம். செடி தண்ணீருக்குள் நின்றுகொண்டு தாகத்தால் செத்துக்கொண்டிருக்கிறது.

வேருக்கு மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் வந்து சேர முடியாது, அது காற்றில் பரவுகிற வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீரில் பரவும். மூச்சுத் திணறிய வேர்ச் செல்லுக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. இங்கேதான் சுவாரசியம். செல் சவ்வில் தண்ணீர் போவதற்கென்றே நுண்ணிய புரத வாசல்கள் உண்டு, அக்வாபோரின் என்று பெயர், 1992-இல் பீட்டர் ஆக்ரே முதலில் கண்டது இரத்தச் சிவப்பணுவில், 2003-இல் அதற்கு நோபல் பரிசு, செடிகளில் பார்த்தால் நம்மைவிட அதிக ரகங்களில் குவிந்து கிடக்கின்றன. செல்லுக்குள் அமிலம் கூடினால் இந்த வாசல்கள் சாத்திக்கொள்ளும். சுற்றிலும் தண்ணீர், வாசல் பூட்டு. இலையோ மேலே ஆவியாக்கிக்கொண்டே இருக்கிறது. வாடாமல் என்ன செய்யும்? வாடலைப் பார்த்ததும் நாம் இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். அப்படித்தான் என் கையால் மூன்று செடிகளை அனுப்பிவைத்திருக்கிறேன். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா பாருங்கள், விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மதியம் தொங்கி மாலையில் தானாக நிமிர்ந்துகொள்கிற செடி வேறு கதை, அதற்கு வைத்தியம் தேவையில்லை, வரவைவிடச் செலவு கொஞ்ச நேரம் கூடிப்போனது, அவ்வளவுதான்.

கேள்வி: உரம் கூடுதலாக ஒரு கைப்பிடி போட்டேன், இரண்டே நாளில் இலை ஓரம் கருகிவிட்டது. உரம் விஷமா?

பதில்: ரசாயன உரம் என்பது பெரும்பாலும் உப்புதான். தண்ணீர் எப்போதும் உப்பு அடர்த்தி குறைந்த பக்கமிருந்து கூடின பக்கத்துக்குத்தான் நகரும். வழக்கமாக வேருக்குள்தான் அடர்த்தி அதிகம், தண்ணீர் உள்ளே வரும். நீங்கள் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள். நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி அடித்துளை வழியாக உப்பை வழியவிடுங்கள், இரண்டு மூன்று முறை. முந்தைய பதிலுக்கு நேர்மாறாக இருக்கிறதே என்று கோபிக்க வேண்டாம், இது வழிந்தோடுகிற தண்ணீர், தேங்குகிற தண்ணீர் இல்லை.

கேள்வி: மண்ணில் எத்தனையோ கலந்து கிடக்கிறது. வேர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுமா, வருவதையெல்லாம் விழுங்குமா?

பதில்: ரொம்ப நல்ல கேள்வி. முதலில் ஒரு தப்பை ஒதுக்கிவிடுவோம், செடி மண்ணைத் தின்பதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் யான் வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோக் கன்றை நட்டு, ஐந்து வருடம் வெறும் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். மரம் 169 பவுண்டுக்கு வந்துவிட்டது, மண்ணில் குறைந்தது ஏறக்குறைய இரண்டே அவுன்சு. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவுகட்டினார், அது தவறு, காய்ந்த எடையில் பெரும்பங்கு காற்றின் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது. ஆனால் அந்த இரண்டு அவுன்சில்தான் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், இரும்பு எல்லாம் இருக்கிறது, அது இல்லாமல் மரம் இல்லை.

உள்ளே எடுத்துக்கொள்வது முதலில் வேர்த்தூவிகளின் வேலை. 1937-இல் ஹோவர்ட் டிட்மர் என்பவர் நான்கு மாத வயதுள்ள ஒரே ஒரு ரை தானியச் செடியின் வேரைக் கழுவி எடுத்து எண்ணினார். வேர்களின் மொத்த நீளம் 600 கிலோமீட்டருக்கு மேல், தூவிகள் ஏறக்குறைய 1,400 கோடி. (எண்ணினார் என்றால் மாதிரி எடுத்துக் கணக்கிட்டார், ஒவ்வொன்றாக எண்ணவில்லை, பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.) வெளிப்பகுதியில் தண்ணீரும் கரைந்த உப்புகளும் செல் சுவர்களுக்குள்ளேயே, வரப்பு ஓரமாக நடக்கிற மாதிரி, எந்தச் செல்லுக்குள்ளும் நுழையாமல் நடந்து வரலாம். ஆனால் நடு உருளைக்கு முன்னால் அகத்தோல் என்று ஓர் அடுக்கு, அந்தச் செல்களைச் சுற்றித் தண்ணீர் ஊடுருவாத காஸ்பாரியன் பட்டை. வரப்பு அங்கே முடிகிறது. இனிமேல் போக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு செல் சவ்வைத் தாண்டித்தான் போக வேண்டும், சவ்வில் ஒவ்வொரு உப்புக்கும் தனித்தனிக் கடத்திப் புரதங்கள். வேண்டியதைச் சக்தி செலவழித்துக்கூட இழுத்து வரும். தண்ணீருக்கு ஏறக்குறைய ஒன்றும் செலவழிக்காத மரம், உப்புக்குத் தாராளமாகச் செலவழிக்கிறது.

ஏமாறுவதும் உண்டு. ஆர்சனேட் பார்ப்பதற்குப் பாஸ்பேட் மாதிரியே இருப்பதால் பாஸ்பேட் வாசலிலேயே நுழைந்துவிடும். நெல் வேரில் சிலிக்கானுக்கு வைத்த வாசலில் ஆர்சனைட் நுழைகிறது. ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரை நெல்லுக்குப் பாய்ச்சுகிற இடங்களில் தானியம் வரைக்கும் அது போய்ச் சேருவதற்கு இந்த ஆள்மாறாட்டம்தான் முக்கியக் காரணம்.

கேள்வி: இலை மஞ்சளாகிறது. என்ன சத்து குறைவு?

பதில்: எந்த இலை என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே, அதில்தான் பாதி பதில் இருக்கிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செடி தேவைப்பட்டால் பழைய இலையிலிருந்து பிரித்தெடுத்து ஃபுளோயம் என்ற உணவுக் குழாய் வழியாகத் துளிருக்கு அனுப்பிவிடும். அதனால் இவை குறைந்தால் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும், முழு இலையும் வெளுத்தால் நைட்ரஜனை நினையுங்கள், நரம்பு பச்சையாக நின்று நடுப்பகுதி வெளுத்தால் மெக்னீசியத்தை. இரும்பும் கால்சியமும் ஒருமுறை ஓர் இலையில் குடியேறினால் எளிதில் கிளம்பாது. இவை குறைந்தால் துளிர்தான் முதலில் காட்டும். இரும்பு மண்ணில் இருந்தும் சுண்ணாம்புத்தன்மை கூடினால் கரையாமல் கிடக்கும், அங்கே மேலும் இரும்பைக் கொட்டிப் பயனில்லை.

இதோடு சேர்ந்ததுதான் தக்காளிக் காயின் அடி கறுத்துப் போகிறது என்று எழுதியவரின் பிரச்சினையும். கால்சியம் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர்க் குழாயில்தான் பயணிக்கும், எங்கே ஆவியாதல் அதிகமோ அங்கே போகும், அதாவது இலைக்கு. காய் அதிகம் ஆவியாக்காது, அதனால் அதற்குக் கிடைப்பது மிச்சம்மீதி. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் அந்த மிச்சமும் தடுமாறும். பெரும்பாலான தொட்டிகளில் கால்சியம் இருக்கிறது, சீரான ஈரம்தான் இல்லை. இலையில் கால்சியம் தெளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், அங்கிருந்து அது காய்க்கு வரப்போவதில்லை.

கேள்வி: உள்ளே ஆள் நுழைகிற அளவு பொந்து விழுந்த மரம் பச்சைப்பசேல் என்று நிற்கிறது, ஆனால் பட்டையை ஒரு சுற்று உரித்த மரம் பட்டுப்போகிறது. இது என்ன நியாயம்?

பதில்: நடுவில் இருக்கிற வைரம் பாய்ந்த கட்டை தண்ணீர் கடத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டது, தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. தண்ணீர் ஓடுவது வெளிப்பக்கத்து வெளிறிய கட்டையில், ஓக் போன்ற சில மரங்களில் கடைசி ஒன்றிரண்டு வருட வளையத்தில் மட்டும். ஆகவே பொந்து மரத்துக்கு நஷ்டம் அவ்வளவாக இல்லை.

பட்டையின் உட்புறம் ஒட்டிக்கொண்டிருப்பது ஃபுளோயம், இலை சமைத்த சர்க்கரையைக் கீழே கொண்டுபோகிற குழாய். ஒரு சுற்று உரித்தால் மேலே தண்ணீர் போகும், இலை பசுமையாகவே இருக்கும், ஆனால் வேருக்குச் சாப்பாடு நின்றுவிடும். சேமிப்பு தீரும்வரை சில மாதங்கள், சில மரங்களில் அதற்கும் மேல் தாக்குப்பிடிக்கும், அப்புறம் வேர் பட்டினியால் சாக, மரமும் சாகும். உரித்த இடத்துக்கு மேல் விளிம்பு வீங்குவதை மார்செல்லோ மால்பிகி 17-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்து எழுதிவைத்தார், கீழே இறங்க வழியில்லாத சர்க்கரை அங்கே தேங்குகிறது. விண்பதியம் போடுகிறவர்கள் கிளையில் பட்டையை உரிப்பது இந்தத் தேக்கத்துக்காகத்தான், அங்கே வேர் விடும். தண்டைச் சுற்றிக் கம்பி கட்டுகிறவர்கள் கவனிக்க: மரம் பருக்கப் பருக்க அந்தக் கம்பி இதே வேலையை மெதுவாகச் செய்யும். ஆணி அடித்தால் ஓர் இடத்தில் காயம், கம்பி கட்டினால் சுற்றிலும் சுருக்கு.

பனை வகைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவற்றில் குழாய்க் கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும், கெட்டிப் பகுதி வெளியே, மெத்தென்ற சோற்றுப் பகுதி உள்ளே. வெளியே வைரம் உள்ளதைப் புறக்காழ், உள்ளே உள்ளதை அகக்காழ் என்று பழந்தமிழில் பிரித்தே சொல்லியிருக்கிறார்கள். பனைக்கு வருடாவருடம் புதுக் குழாய் வளையம் போடுகிற வசதி கிடையாது, அடித்தண்டில் முதலில் அமைந்த குழாய்களைக் கொண்டே ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும். நூறு வருடம் ரிப்பேரே பார்க்காத குழாய்!

கேள்வி: சர்க்கரைக் குழாயும் செத்த செல்தானா?

பதில்: இல்லை, இது உயிருள்ளது, ஆனால் விசித்திரமான உயிர். சல்லடைக் குழாய்ச் செல்லுக்கு உட்கரு இல்லை, பக்கத்தில் ஒட்டியிருக்கிற துணைச் செல்தான் அதற்கும் சேர்த்து வாழ்கிறது. இங்கே நடப்பது இழுப்பு இல்லை, தள்ளல். இலையில் சர்க்கரையை ஏற்றுகிறார்கள், சர்க்கரை இருக்கிற இடத்துக்குப் பக்கத்துச் சைலத்திலிருந்து தண்ணீர் வந்து சேர்கிறது, அழுத்தம் கூடுகிறது. வேரிலோ காயிலோ கிழங்கிலோ சர்க்கரையை இறக்குகிறார்கள், தண்ணீர் விலகுகிறது, அழுத்தம் குறைகிறது. அதிகத்திலிருந்து குறைவுக்கு ஓட்டம், மணிக்கு ஒரு மீட்டர் வாக்கில். எர்ன்ஸ்ட் மூன்ச் 1930-இல் விரித்து எழுதிய கருத்து இது. திசை நிரந்தரம் இல்லை என்பதைக் கவனியுங்கள்: உருளைக்கிழங்கு திரளும்போது சர்க்கரை கீழே வருகிறது, அதே கிழங்கு முளைக்கும்போது மேலே போகிறது.

இந்தச் சாற்றைச் சேதமில்லாமல் எடுக்க விஞ்ஞானிகளுக்கு வழி தெரியவில்லை, குத்தினால் உடனே அடைத்துக்கொள்ளும். வழி காட்டியது அசுவினி. அது தன் ஊசி வாயை ஒரே ஒரு சல்லடைக் குழாய்க்குள் நேர்த்தியாக இறக்கிவிடும். 1953-இல் கென்னடி, மிட்லர் என்ற இருவர், அசுவினி குடித்துக்கொண்டிருக்கும்போதே அதன் உடலை ஊசி வாயிலிருந்து வெட்டி எடுத்தார்கள். மிஞ்சிய ஊசி வழியாகச் சாறு தானாகப் பல மணி நேரம் கசிந்துகொண்டே இருந்தது, அசுவினி உறிஞ்சவே தேவையில்லை, செடியே ஊட்டிவிடுகிறது. அதில் சர்க்கரை அதிகம், நைட்ரஜன் குறைவு. அசுவினிக்கு வேண்டியது நைட்ரஜன், அதனால் ஏராளமாகக் குடித்துவிட்டுச் சர்க்கரையைப் பின்பக்கமாக வெளியேற்றும். உங்கள் செடியில் இலை பிசுபிசுக்கிறது, எறும்பு ஏறுகிறது, கரும்பூசணம் படர்கிறது என்றால் எறும்பைத் திட்டாதீர்கள், இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: உறிஞ்சுகிற தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு வீணாக ஆவியாகிறது என்று படித்தேன். இவ்வளவு புத்திசாலித்தனமான அமைப்பில் இது என்ன ஊதாரித்தனம்?

பதில்: வாயைத் திறந்தால்தான் சாப்பிட முடியும். கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர வேண்டிய அதே துளை வழியாகத்தான் நீராவி வெளியே போகிறது, காற்றில் அந்த வாயுவோ மிகக் குறைவு, இலைக்குள் ஈரமோ மிக அதிகம். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைப் பிடிக்க நானூறு நீர் மூலக்கூறுகள் வரைகூடப் பறிகொடுக்கிற செடிகள் சாதாரணம். துளையின் இரு பக்கமும் காப்புச் செல்கள், அவை பொட்டாசியத்தை உள்ளே இழுத்தால் தண்ணீரும் வந்து உப்பித் துளை திறக்கும், வறட்சி வந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் சமிக்ஞை கொடுக்க, பொட்டாசியம் வெளியேறி, துளை மூடும். மூடினால் தண்ணீர் மிச்சம், ஆனால் பட்டினி.

இந்த இக்கட்டிலிருந்து கள்ளி, கற்றாழை, அன்னாசி, ரணகள்ளி போன்றவை ஒரு வழி கண்டுபிடித்துவிட்டன. வெயில் இல்லாத இரவில் துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து அமிலமாகப் பூட்டிவைத்துக்கொள்ளும், பகலில் துளையைச் சாத்திக்கொண்டு அந்த இருப்பை எடுத்துச் செலவழிக்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் ரணகள்ளி இலையைக் காலையில் மென்று பார்த்தால் புளிக்கிறது, மதியம் சுவையே இல்லை என்று எழுதிவைத்தார், காரணம் தெரியாமலே. நீங்கள் மென்று பார்க்க வேண்டாம், அதில் நச்சு உண்டு.